‘புரோக்கர்கள் அணுக வேண்டாம்’ என்று அட்டை மாட்டியவர் வீட்டுக்கு எப்படிப் போவது

காரைக்குடி கழனிவாசலில் ஒரு வீட்டு கேட்டில் நான்கு மாதமாக ஒரு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ‘வீடு விற்பனைக்கு. புரோக்கர்கள் அணுக வேண்டாம்.’ கீழே இரண்டு செல் நம்பர். முதல் நம்பரைப் பேனாவால் அடித்திருந்தார்கள். ஐப்பசி மழையில் மை வழிந்து ‘விற்பனைக்கு’ என்ற சொல் பாதிதான் தெரிந்தது.

காரைக்குடியில் வீட்டுப் புரோக்கர் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் இப்படி ஒரு அட்டையைப் பார்த்தால் ஒன்று, தாண்டிப் போய்விடுவார்கள். இல்லையென்றால் வண்டியை நிறுத்தி அங்கேயே போன் போட்டு, "சார், கையில ரெடி கேஷ் பார்ட்டி இருக்கு" என்பார்கள். அந்த முதல் நம்பர் அடிபட்டதே இந்தப் போன்களால்தான். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். பின்னால் அவரே என்னிடம் சொன்னார்: அட்டை மாட்டிய முதல் வாரத்தில் 17 புரோக்கர்கள் கூப்பிட்டார்கள், 17 பேரும் பார்ட்டி இருக்கிறது என்றார்கள், ஒருவர்கூட ஆளை அழைத்து வரவில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து 22 வருடம் ஆகிறது. என் அப்பா பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டுக்குச் சாவி வைத்திருந்தவர். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருந்தார்கள். வாரம் ஒரு முறை கதவு திறந்து, வளவு (நடு முற்றம்) கூட்டி, வௌவால் விரட்டி, மழைக்கு முன் ஓடு மாற்றி அந்த வீட்டை அவர் காப்பாற்றினார். பூட்டிய வீடு எப்படி மெல்ல மெல்லச் சாகும் என்று சின்ன வயதிலேயே பார்த்தவன் நான். அதனால்தான் விற்க முடியாமல் நிற்கிற வீட்டைக் கண்டால் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. தானே விற்கப் பார்ப்பவர், நாலு புரோக்கரிடம் கொடுத்து அலுத்துப் போனவர் என்று இரண்டு வகை வீட்டுக்காரர்களிடமும் விற்றுக் கொடுக்கிற பொறுப்பை நான் எப்படி வாங்குகிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

வீடு ஏன் விற்கவில்லை என்ற காரணத்தை முதலில் கொண்டு போங்கள். வீட்டைக் கொடுங்கள் என்று கேட்பது அதற்குப் பிறகு. பார்ட்டி இருக்கிறது என்று எல்லாரும் சொல்லியாயிற்று. காரணத்தை மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

போவதற்கு முன் ஒரு வாரம்

ஒரு வீட்டைக் கண்ணில் பார்த்த அன்றே பேசப் போகாதீர்கள். முதலில் தெருவைக் கேளுங்கள். எதிர்ப் பெட்டிக்கடை, இஸ்திரிக்காரர், பால்காரர் இந்த மூவரும் போதும். யார் யார் வந்து பார்த்தார்கள், வந்தவர்கள் வெளியே வந்து என்ன பேசிக்கொண்டே போனார்கள் என்பது பெட்டிக்கடைக்குத் தெரியும். வீட்டுக்காரர் முன்னால் ‘யோசிச்சுச் சொல்றோம்’ என்று சொன்னவர், கடையில் சோடா குடிக்கும்போதுதான் ‘சந்துக்குள்ள கார் போகாது’ என்று சொல்லியிருப்பார். அந்த ஒரு வரிக்காகத்தான் அந்தக் கடையில் நின்று ஒரு சோடா குடிக்கச் சொல்கிறேன்.

அடுத்தது பேப்பர். பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் உள்ள வில்லங்கத்தை, அதாவது சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதற்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். பட்டாவும் ஆன்லைனில் தெரியும். பட்டா யார் பெயரில் நிற்கிறது என்று பாருங்கள். செட்டிநாட்டுக் கிராமங்களில் பத்துக்கு ஐந்து வீட்டில் தாத்தா பெயரிலேயே நிற்கும் என்பது என் அனுபவம். கைடுலைன் மதிப்பு (பதிவுக்கு அரசு வைத்திருக்கிற மதிப்பு) என்ன, அதே தெருவில் கடைசியாக எந்த மனை எவ்வளவுக்குப் பதிவானது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு வாரத்துக்கு உங்களுக்கு யாரும் கூலி தர மாட்டார்கள். பேசப் போகிற அன்று உங்கள் குரலில் இருக்கப் போகிற தெளிவுதான் அதற்குப் பலன்.

கழனிவாசல் ஆசிரியர் வீட்டில் காரணம் எளிதாகக் கிடைத்தது. 4 சென்ட் மனை, கீழும் மேலுமாக 1,600 சதுரடி. அவர் வீட்டில் நிற்கிற நேரம் காலை 6 முதல் 8, அப்புறம் இரவு. பகலில் மகள் வீட்டில் பேரனைப் பார்க்கப் போய்விடுவார். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் பகலில் வந்து, பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். எதிர்க்கடைக்காரர் மூன்று குடும்பத்தைச் சொன்னார். நான் நேரில் போய், "சார், நான் புரோக்கர்தான். அட்டையைப் படிச்சிட்டுத்தான் வந்தேன். வீட்டைக் கேட்க வரலை. போன மாசம் மூணு பேர் வந்து கேட்டைத் தட்டிட்டுத் திரும்பிப் போனாங்க, அது உங்களுக்குத் தெரியணும்னு வந்தேன்" என்றேன். உட்காரச் சொன்னார். காப்பி வந்தது.

தானே விற்கிறவரிடம் பேசும்போது

இவர் கஞ்சத்தனத்தால் புரோக்கரைத் தவிர்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கமிஷன் ஒரு காரணம்தான். பெரும்பாலும் முன்பு ஒருமுறை அடிபட்டிருப்பார்: இவரிடம் ஒரு விலையும் வாங்குபவரிடம் ஒரு விலையும் சொல்லி, நடுவில் நிற்கிற பணத்தை எடுத்துக்கொண்டவர்களை நம் ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. அந்தக் காயத்துக்கு மரியாதை கொடுங்கள். "இரண்டு பக்கமும் ஒரே ரூம்ல உக்கார்ந்துதான் விலை பேசுவோம், என் கமிஷன் எவ்வளவுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்" என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். நான் விற்பவரிடம் வாங்குவது 1 சதவீதம்.

பிறகு, அவர் அட்டையைக் கழற்றச் சொல்லாதீர்கள். இதைப் பலர் ஏற்க மாட்டார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. "நீங்களாகக் கொண்டு வருகிற ஆளுக்கு எனக்குக் கமிஷன் வேண்டாம். நான் கொண்டு வருகிற ஆளுக்கு மட்டும் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். இதுவரை வந்து பார்த்தவர்களின் பெயரையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். அவர்களில் யார் வாங்கினாலும் உங்களுக்குப் பங்கு கிடையாது. ஆசிரியர் ஐந்து பெயர் எழுதினார். எழுதும்போதே, ஐந்தில் நான்கு பேர் திரும்ப வர மாட்டார்கள் என்று அவருக்கே புரிந்தது. அந்தப் புரிதலை நான் வாயால் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும்.

தானே விற்கிறவருக்குத் தெரியாத வேலைகள் சில இருக்கின்றன. அவற்றைச் சொல்லிக் கொடுங்கள், ஒளித்து வைக்க வேண்டாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துத்தான் கொடுப்பார். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணம் வாங்குவது வருமான வரிச் சட்டத்தில் சிக்கல். வாங்குபவருக்குப் பத்திரச் செலவு முத்திரைக்கு 7, பதிவுக்கு 2, ஆக 9 சதவீதம் ஆகும் என்பதால் அவர் கையில் இருக்கிற மொத்தத் தொகையிலிருந்து அதைக் கழித்துத்தான் விலை பேசுவார். இதையெல்லாம் கேட்டுவிட்டு அவரே விற்றுக்கொண்டால்? விற்றுக்கொள்ளட்டும். அப்படி ஒருவர் விற்றார். அவருடைய தம்பி வீடு அடுத்த தையில் என்னிடம் வந்தது.

நாலு கை மாறியும் விற்காத வீடு

இதுதான் செட்டிநாட்டில் பெரிய வேலை. ஒரு வீட்டை ஐந்து புரோக்கரிடம் சொல்லி வைத்திருப்பார்கள். ஐந்து பேரும் ஐந்து விலை சொல்லியிருப்பார்கள். வாங்க வருகிறவர், இது ஏதோ வில்லங்க வீடு என்று ஒதுங்கிவிடுவார். பேர் அடிபட்ட வீடு என்போம்.

பள்ளத்தூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அப்படி ஒரு வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். ஆறு வருடமாக விற்பனைக்கு நின்றது. வீட்டில் ஒரு ஆச்சி மட்டும் இரண்டாம் கட்டு அறை ஒன்றில் இருந்தார்கள். நான் போன அன்று கேட்ட முதல் கேள்வி, "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" அப்பா பெயரைச் சொன்னேன். "சாவிக்காரர் மகனா" என்றார்கள். பிறகு, "நீயும் வீட்டைப் பாக்கணும்பே, ஆளக் கூட்டியாரேன்பே, அப்புறம் வரமாட்டே" என்றார்கள்.

"இன்னைக்கு வீட்டைப் பாக்க வரலை ஆச்சி. எத்தனை புள்ளின்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

அவர்கள் என்னை நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வரி: நகரத்தார் கணக்கில் கல்யாணமான ஒவ்வொரு ஆணும், மனைவியோடு சேர்த்து, ஒரு புள்ளி. வளவைச் சுற்றி உள்ள அறைகள் புள்ளிக் கணக்கில்தான் பிரிந்திருக்கும். எத்தனை புள்ளி என்று கேட்டால் எத்தனை கையெழுத்து என்று கேட்பதாக அர்த்தம். ஆறு வருடமாக வந்த ஒரு புரோக்கரும் இதைக் கேட்கவில்லை. எல்லாரும் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, பர்மாத் தேக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கணக்கு போட்டோம். நான்கு பங்காளிகள், அதில் இருவர் காலமாகி அவர்கள் பிள்ளைகள். பெண் மக்களைச் சேர்த்தால் 11 கையெழுத்து. ஆச்சிக்கே 11 என்பது புதிதாக இருந்தது. 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குள்ள அதே உரிமை. அப்பா அப்போது உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியும் 2020ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு முடிந்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாகப் பாகப்பிரிவினை பதிவாகியிருந்தால் அதை இப்போது கிளற முடியாது. ஆகவே பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறதா என்பதுதான் பெரிய வீடுகளில் நான் தேடுகிற முதல் தாள். அந்த வீட்டில் இல்லை.

இதில் நான் பட்டதையும் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த நான்காம் வருடம், தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகளின் வாய்ச்சொல்லை நம்பி வாங்குபவரிடம் டோக்கன் (முன்பணம்) வாங்கிக் கொடுத்துவிட்டேன். சென்னையில் இருந்த அக்காவை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அக்ரிமெண்ட் நாளில் அந்த அக்கா வந்து, "என்னைக் கேட்டீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். யாரிடமும் பதில் இல்லை. டோக்கனைத் திருப்பிக் கொடுக்க ஐந்து மாதம் ஆயிற்று. அந்தத் தெருவில் இரண்டு வருடம் எனக்கு யாரும் வீடு காட்டவில்லை, அவர்கள் செய்தது சரி. அன்றிலிருந்து பெண் மக்களிடம் முதலில் பேசாமல் எந்த வீட்டையும் நான் கையில் எடுப்பதில்லை.

பங்காளிகளை ஒரே இடத்தில் பிடிக்க நாள் பார்க்க வேண்டும். சென்னைக்காரர்கள் மதியம் எழும்பூரில் பல்லவனில் ஏறி இரவு இறங்குவார்கள், மறுநாள் விசேஷம், அதற்கடுத்த காலை ரயிலுக்கே கிளம்பிவிடுவார்கள். மலேசியா, சிங்கப்பூர்க்காரர்கள் திருச்சியில் இறங்கி இரண்டு மணி நேரத்தில் ஊருக்கு வருவார்கள். படைப்பு (முன்னோருக்குப் படைக்கிற நாள்), கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றது), மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் மாசி-பங்குனித் திருவிழா, இந்த நாள்களில்தான் வீடு நிறைந்திருக்கும். அன்றைக்குப் போய் விலை பேசாதீர்கள். படைப்பு வீட்டில் விற்பனைப் பேச்செடுத்தால் மூத்தவர்கள் மனம் நோகும். ஒரு தாளில் யார் யார் கையெழுத்து வேண்டும், யார் எந்த ஊர், என்ன பேப்பர் குறைகிறது என்று மட்டும் எழுதி, பிரதி எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். மறுவாரம் அவர்களே கூப்பிடுவார்கள்.

வர முடியாதவருக்கு, தன் சார்பில் இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தருகிற பவர் பத்திரம் உண்டு. வெளிநாட்டில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தை அத்தாட்சி செய்து அனுப்பினால், அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்த வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டுத் திரும்ப முதலிலிருந்து எழுதிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் அந்த 50 லட்சம் வரம்பெல்லாம் கிடையாது, வாங்குபவர் வரி பிடித்தே ஆக வேண்டும், அதுவும் 1 சதவீதத்தைவிட மிக அதிகம். குறைவாகப் பிடிக்கச் சான்று வாங்க வருமான வரித் துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 2001 ஏப்ரல் 1க்கு முன் வந்த சொத்துக்கு அன்றைய சந்தை மதிப்பை, அன்றைய கைடுலைன் மதிப்பைத் தாண்டாமல், வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் அறிக்கை வேண்டும். ஆடிட்டரிடம் அனுப்புங்கள். நீங்களே கணக்குச் சொல்லாதீர்கள்.

விலை

பெரிய வீட்டுக்கு மூன்று விலை உண்டு. வீட்டுக்காரர் மனதில் இருப்பது ஒன்று: தேக்குத் தூண், இத்தாலி மார்பிள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர், ஐயா ரங்கூனிலிருந்து கொண்டு வந்து கட்டியது. இரண்டாவது மண் விலை: மனை எத்தனை சதுரடி, தெரு ரேட் என்ன. மூன்றாவது மரக்காரர் விலை: எத்தனை தூண், எத்தனை நிலை, எத்தனை கதவு, பிரித்து லாரியில் ஏற்றினால் என்ன தேறும். புரோக்கர்கள் பெரும்பாலும் மூன்றாவது விலையோடுதான் வருவார்கள். அதுதான் சீக்கிரம் முடியும்.

நான் மரக்காரரை அழைத்துப் போவதில்லை. கூரை இறங்கி, மழை வளவுக்குள் மட்டுமில்லாமல் அறைக்குள்ளும் பெய்கிற வீடு என்றால் அவர்களாகவே முடிவு செய்யட்டும். ஆனால் நிற்கிற வீட்டைப் பிரிக்க நான் ஆள் காட்ட மாட்டேன். 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. பட்டியல் எந்தத் தூணையும் காப்பாற்றாது. வீட்டை வீடாகவே வாங்குகிற ஆளைத் தேடுகிற புரோக்கர் காப்பாற்றலாம்.

அதனால் விலை பேசும்போது மூன்று கணக்கையும் மூன்று தாளில் எழுதி மேஜையில் வைப்பேன். "உங்க விலை தப்பு" என்று சொல்ல வேண்டியதே இல்லை. மூன்று தாளையும் பார்த்துவிட்டு அவர்களே கேட்பார்கள், "வீட்டை அப்படியே வாங்குறவுக இருக்காகளா?" இருக்கிறார்கள், ஆனால் குறைவு, காலம் பிடிக்கும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் பழைய வீடுகள் ஹோட்டலாகி ஓடுகின்றன. அந்த வகை ஆள் கேட்பது தெரு அகலம், கழிவுநீர் வழி, சிக்கலில்லாத பத்திரம். எல்லாப் பங்காளிக்கும் விற்க மனமில்லை என்றால் நீண்ட காலக் குத்தகையும் ஒரு வழி என்று சொல்லுங்கள். முன் தெருவிலும் பின் தெருவிலும் வாசல் இருக்கிற வீட்டில் பின்கட்டு மனையை மட்டும் தனியாகக் கொடுக்கவும் சில சமயம் முடியும்.

எழுதி வாங்குவது

ஒரே ஒரு பக்கம். 90 நாள். ஒரே விலை. கமிஷன் எவ்வளவு, எப்போது. விலையை என்னைக் கேட்காமல் வேறு யாரிடமும் மாற்றிச் சொல்வதில்லை என்று அவர்கள் பக்கம் ஒரு வரி. வாரம் ஒரு முறை வாட்ஸ்அப்பில் குடும்பத்துக் குழுவுக்கு அறிக்கை அனுப்புவேன் என்று என் பக்கம் ஒரு வரி. ‘இந்த வாரம் யாரும் வரவில்லை’ என்பதும் அறிக்கைதான், அதையும் அனுப்புங்கள். சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிற பேரனுக்கு அந்த ஒரு வரி போதும், நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்வார். 90 நாளில் முடியவில்லை என்றால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் கொடுத்த தாள்களில் பாதிக்கு மேல் மறுபடி கையெழுத்தாகி வந்தன.

ஆடியிலும் மார்கழியிலும் இங்கே யாரும் கிரயம் பண்ண மாட்டார்கள். மற்றவர்கள் ஓய்வெடுக்கிற அந்த மாதங்களில் பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, சர்வே, காணாமல் போன மூலப் பத்திரத்துக்குப் போலீஸ் சான்றும் பத்திரிகை விளம்பரமும் என்று அலையுங்கள். ஆவணியிலும் தையிலும் முதல் ஆளாகத் தயாராக நிற்பது உங்கள் வீடாக இருக்கும்.

படம் எடுப்பதைப் பற்றியும் ஒரு சொல். காலை பத்தரைக்கு மேல் வளவுக்குள் வெயில் நேராக இறங்கும்போது எடுங்கள். முந்தின நாள் ஆள் வைத்து ஆத்தங்குடித் தரைக் கல்லைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து விடுங்கள். செலவு உங்களுடையது. இருட்டில் போன் வெளிச்சத்தில் எடுத்த படங்களைத்தான் முன்பிருந்தவர்கள் ஆறு வருடமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆச்சி வீட்டுத் தாளில் 11 கையெழுத்தும் சேர ஏழு மாதம் ஆயிற்று. கடைசிக் கையெழுத்து ஈப்போவிலிருந்து வந்தது. ஆச்சி சென்னையில் மகன் வீட்டுக்குப் போகிற அன்று தலைவாசல் சாவியை என் கையில் கொடுத்து, "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு மட்டும் ஏத்திரு, வாங்குறவுக வர்ற வரைக்கும்" என்றார்கள். இப்போது சாவி வாங்குகிற எந்த வீட்டிலும் அதைச் செய்கிறேன். வெள்ளி மாலை ஆறு மணிக்கு என்னைப் போனில் பிடிக்க முடியாது, இரண்டு ஊருக்குப் போக வேண்டியிருக்கும்.